வேற்று மொழிக்கு நம் வீட்டு ஏணி



மொழி கற்பவர் கேட்கும் வினாக்கள் இரு வகைப்படும். 'இச்சொல்லுக்குப் பொருள் யாது?' என்பது ஒரு வகை. அதற்கு அகராதி விடை கூறிவிடும். 'இஃது ஏன் இவ்வாறு வருகிறது?' என்பது மற்றொரு வகை. இந்த 'ஏன்' என்ற வினாவுக்கு விடை கிடைக்காதபோதுதான் பலரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, 'எனக்கு மொழி வராது' என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கின்றனர். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதை ஸ்பானிய மொழியை முன்வைத்து உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வருபவன். கல்லூரியில் வரலாறு பயின்றபோது அந்தலுஸ் எனும் முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றி வாசித்தேன். அந்த வாசிப்பே ஸ்பானிய மொழியின்பால் என்னை ஈர்த்தது. பல ஆண்டுகளாக நூல்களின் துணைகொண்டு அதனைக் கற்று வருகிறேன். இதனை அறிந்த சிலர் அவ்வப்போது என்னிடம் ஐயம் கேட்பதுண்டு. கப்பல் வேலைக்குச் செல்லவிருக்கும் இளைஞர் ஒருவர். கல்லூரி மாணவர் ஒருவர். கணவருடன் மாட்ரிட் நகரில் வாழும் என் சாச்சி மகள். மூவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் கேட்கும் வினாக்கள் என்னவோ ஒன்றேதான்!

இவர்களுள் என் தங்கைக்குத்தான் தேவை மிகுதி. ஸ்பெயின் நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் குடியுரிமை கோரும் அயல்நாட்டவர் ஸ்பானிய மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். ஸ்பானியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட நாடுகளிலிருந்து வந்தோருக்கு இத்தேர்வு இல்லை. என் தங்கை பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். பிறகு நிஸ்வான் மதரஸாவில் ஓதியவள். ஆங்கிலம் அவளுக்கு அரைகுறைதான். ஆனால் அவள் கையில் கிடைத்த ஸ்பானிய நூல்களெல்லாம் ஆங்கிலம் அறிந்தவருக்காக எழுதப்பட்டவை. "காக்கா, நான் ஓதியதும் படித்ததும் இங்கே ஒரு காசுக்கும் பயன்படவில்லை" என்று அவள் ஒருநாள் குரல் பதிவு அனுப்பினாள். அவள் படித்ததுதான் பயன்படும் என்பதை அவளுக்கு எடுத்துக்காட்டுவது என் கடமையாயிற்று.

நிலையும் இயல்பும்

ஸ்பானியம் கற்போர் அனைவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர், 'ஸேர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைச்சொற்கள். இரண்டுக்கும் 'இருத்தல்' என்றே பொருள். எங்கே எதைப் பயன்படுத்துவது?

என் தங்கை இதனை வேதனையோடு அறிந்துகொண்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் தூக்கிச் சென்றவள், 'மி ஈஹோ எஸ் மாலோ' என்று கூறினாள். 'என் மகனுக்கு உடல்நலம் இல்லை' என்பது அவள் கருதிய பொருள். மருத்துவர் சிரித்துவிட்டார். ஏனெனில், அவள் கூறியதன் பொருள் 'என் மகன் கெட்டவன்' என்பது! 'எஸ்தா மாலோ' என்று சொல்லியிருக்க வேண்டும். 'எஸ்' என்பது ஸேர் வினையின் வடிவம். 'எஸ்தா' என்பது எஸ்தார் வினையின் வடிவம். ஓர் அசை மாறியதில் நோயாளிக் குழந்தை கெட்ட குழந்தையாகிவிட்டது.

நூல்கள் இதற்குக் கூறும் விதி என்ன? 'நிரந்தரமானதற்கு ஸேர், தற்காலிகமானதற்கு எஸ்தார்' என்பதாகும். இதைப் படித்துவிட்டு அவள் ஒரு வினாத் தொடுத்தாள்: "காக்கா, இறந்துபோனவரைச் சொல்லும்போது 'எஸ்தா முவேர்த்தோ' என்று எஸ்தார்தானே போடுகிறார்கள்? மௌத் என்பது தற்காலிகமானதா?"

எத்துணைக் கூர்மையான வினா! மொழி வராதவள் கேட்கும் வினாவா இது?

விடையைத் தமிழிலேயே தேடினோம். எஸ்தார் என்பது 'நிற்றல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நம் மொழியில் 'நில்' என்பதிலிருந்து 'நிலை' பிறக்கவில்லையா? அதுதான் திறவுகோல். ஒன்றன் நிலையைக் கூறினால் எஸ்தார். அது இன்னது, இத்தன்மையது என்று கூறினால் ஸேர். இறப்பு என்பது ஒருவர் வந்தடைந்த நிலை. காலத்தின் நீளத்திற்கு இங்கே வேலையில்லை.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். 'அவர் ஆசிரியர்' என்கிறோம். இதில் 'இருக்கிறார்' என்ற சொல் இல்லை. அரபியிலும் முப்ததா, கபர் என்ற இரண்டுமே வாக்கியத்தை நிறைவு செய்துவிடும்; இடையில் வினை வேண்டுவதில்லை. இத்தகைய இடங்களில் ஸ்பானியம் ஸேர் வினையை இடுகிறது. 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'தேநீர் சூடாக இருக்கிறது' என்று நாம் 'இரு' என்ற வினையை வேண்டி நிற்கும் இடங்களில் எஸ்தார் வருகிறது. 'வீடு பெரியதாக இருக்கிறது' என்பதில் குழப்பம் நேருமே என்பீர்கள். 'அது பெரிய வீடு' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் மாறினால் அது ஸேர். 'அது சூடான தேநீர்' என்றும் மாற்றலாமே என்று கேட்டால், சூடு தேநீரின் இயல்பன்று, ஆறிவிடக்கூடிய நிலை என்பதே விடை.

இன்னொரு வியப்பு. வீடோ கடையோ எங்கே இருக்கிறது என்று கூற எஸ்தார் வேண்டும். ஆனால் ஒரு நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்று கூற ஸேர்தான் வரும். 'திருமணம் மாட்ரிடில்' என்பதை 'லா போதா எஸ் என் மாட்ரிட்' என்பர். நாமும் அழைப்பிதழில் 'நிக்காஹ் பள்ளிவாசலில்' என்போமேயன்றி, 'நிக்காஹ் பள்ளிவாசலில் இருக்கிறது' என்று எழுதுவதில்லை அல்லவா?

எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலம் வழியாகக் கற்பவர் அஞ்சும் மற்றொரு வினை 'குஸ்தார்'. 'நான் தேநீரை விரும்புகிறேன்' என்று நேராகச் சொல்லாமல், 'மே குஸ்தா எல் தே' என்று தலைகீழாகச் சொல்கிறார்களே என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. நமக்கு எதற்கு அந்த விளக்கம்? 'எனக்குத் தேநீர் பிடிக்கும்' என்று நாம் அன்றாடம் சொல்வது அதுதானே! 'மே' என்பது 'எனக்கு'. 'மே துவேலே லா கபேஸா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'ஸே மே ஒல்விதோ' என்றால் 'எனக்கு மறந்துவிட்டது'. நான்காம் வேற்றுமையை நாவில் கொண்டு பிறந்த தமிழருக்கு இவை சொந்த வீட்டு வாசல்கள்.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். பேரீச்சம்பழம் ஒன்றானாலும் பலவானாலும் நமக்குப் 'பிடிக்கும்' என்பது மாறுவதில்லை. ஸ்பானியத்தில் பழங்கள் பலவாயின் 'குஸ்தா' என்பது 'குஸ்தான்' ஆகிவிடும். பிடிக்கப்படும் பொருளே அங்கு எழுவாய். பசியைச் சொல்லும்போது அம்மொழி நம்மைவிட்டுப் பிரிகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்னாமல், 'பசியை உடையேன்' என்ற பொருளில் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பர். வயதையும் அவ்வாறே 'உடையேன்' என்று கூறுவர்.

ஐ உருபும் 'ஆ' என்ற சொல்லும்

'வீட்டைப் பார்க்கிறேன்' என்பது 'வேயோ லா காஸா'. 'தாயைப் பார்க்கிறேன்' என்பது 'வேயோ ஆ மி மாத்ரே'. இரண்டாவதில் மட்டும் 'ஆ' என்று ஒரு சொல் ஏன் நுழைந்தது? கல்லூரி மாணவர் கேட்ட வினா இது.

நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: 'பழம் வாங்கினேன்' என்கிறோம், ஐ உருபு மறைந்து நிற்கிறது. 'உம்மா பார்த்தேன்' என்று சொல்வோமா? மாட்டோம். 'உம்மாவைப் பார்த்தேன்' என்றே சொல்வோம். மக்களைச் செயப்படுபொருளாக்கும்போது உருபை மறைக்க நம் நா இசைவதில்லை. பார்த்தவர் யார், பார்க்கப்பட்டவர் யார் என்ற மயக்கம் வந்துவிடக் கூடாதல்லவா? ஸ்பானியமும் மக்களுக்கு முன்னே அந்த அடையாளத்தை இடுகிறது. அன்போடு வளர்க்கும் விலங்குக்கும் இடுவதுண்டு. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்த பாடம், ஐரோப்பிய மொழியொன்றின் கதவைத் திறக்கிறது பாருங்கள்!

ஞாயிறு ஆணா, பெண்ணா?

நமக்குக் கடினமான இடங்களும் உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண்பால், பெண்பால் வகுப்பது தமிழருக்குப் புதிது. 'இதற்கு என்ன காரணம்?' என்று கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர் விடாது கேட்டார்.

அரபி அறிந்தவர் இங்கே ஆறுதல் கொள்ளலாம். அரபியில் ஷம்ஸு எனும் சூரியன் பெண்பால். கமர் எனும் சந்திரன் ஆண்பால். ஸ்பானியத்தில் 'ஸோல்' எனும் சூரியன் ஆண்பால். 'லூனா' எனும் சந்திரன் பெண்பால். அதே சூரியன், அதே சந்திரன். பால் மட்டும் இடம் மாறிவிட்டது! ஆகவே, இது பொருளின் தன்மையன்று, சொல்லின் வழக்கு என்பது விளங்குகிறது. வழக்குக்குக் காரணம் தேடி மனத்தை வருத்தாமல், சொல்லை அதன் முன்னொட்டான 'எல்' அல்லது 'லா' என்பதோடு சேர்த்தே மனனம் செய்வதுதான் வழி.

'ஓ' என முடிந்தால் ஆண்பால், 'ஆ' என முடிந்தால் பெண்பால் என்பது பொது விதி. 'மானோ' எனும் கை விலக்காகப் பெண்பால். அரபியின் 'யத்' எனும் கையும் பெண்பாலே என்பதை நினைத்தால் இது மறவாது. 'புரொப்ளேமா', 'இதியோமா' போன்று கிரேக்கத்திலிருந்து வந்த 'மா' ஈற்றுச் சொற்கள் பல ஆண்பால். நீரைக் குறிக்கும் 'அகுவா' பெண்பாலாயினும் 'எல் அகுவா' எனப்படும். அழுத்தமான 'அ' ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'லா' வந்தால் ஒலி இடறும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பன்மையில் 'லாஸ் அகுவாஸ்' என்று அது தன் பாலுக்கே திரும்பிவிடும்.

போரும் பாராவும்

'போர்', 'பாரா' என இரு சொற்கள். (பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், இது சண்டையன்று.) இரண்டையும் 'ஆக' என்று நாம் பெயர்த்துவிடுவதால் குழப்பம் வருகிறது. 'உனக்காக இந்தச் சட்டை வாங்கினேன்' என்பதில் நீ அச்சட்டை சென்று சேரும் இலக்கு, அங்கே பாரா. 'உனக்காக இந்தத் துன்பத்தைப் பொறுத்தேன்' என்பதில் நீ அதற்குக் காரணம், அங்கே போர். செல்லும் ஊர், முடிக்க வேண்டிய நாள், அடைய வேண்டிய நோக்கம் ஆகியவை பாராவுக்குரியவை. காரணம், கடந்து செல்லும் வழி, பண்டமாற்று, விலை ஆகியவை போருக்குரியவை. எதிரே தெரிவது பாரா; பின்னிருந்து உந்துவதும் இடையில் கடப்பதும் போர். இதனைப் படமாக மனத்தில் இருத்தினால் பெரும்பாலான இடங்களில் தடுமாற்றம் இராது.

சொன்னார், சொல்வார்

இறந்தகாலத்திற்கு ஸ்பானியத்தில் இரு வடிவங்கள் உண்டு. 'கொந்தோ' என்றால் 'கதை சொன்னார்': ஒருமுறை நடந்து முடிந்தது. 'கொந்தாபா' என்றால் வழக்கமாகச் சொல்லிவந்தார். 'அந்தக் காலத்தில் உம்மா இரவுதோறும் கதை சொல்வார்' என்று நாம் கூறுவதில்லையா? 'சொல்வார்' என்பது வடிவத்தில் எதிர்காலம்; பொருளிலோ பழைய வழக்கம். அரபியில் இதனைக் 'கான யஹ்கீ' என்று இரு சொல் சேர்த்துக் கூறுவோம். ஸ்பானியம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

ஹத்தாவும் அஸ்தாவும்

கற்பவர் அனைவரையும் களைப்படையச் செய்யும் பாடம், விருப்பமும் ஐயமும் காட்டும் வினைவடிவம். 'நீ வருகிறாய்' என்பது 'வியேனெஸ்'. 'நீ வர வேண்டுமென விரும்புகிறேன்' என்னும்போது 'கியேரோ கே வேங்காஸ்' என வினை உருமாறிவிடும். ஏன்?

இங்கேதான் என் தங்கையின் மதரஸாக் கல்வி கைகொடுத்தது. "உரீது அன் தஃதிய என்பதில் 'அன்' வந்ததும் முளாரிஃ வினை நஸ்பு பெறுகிறதே, அது போலத்தானா காக்கா?" என்று கேட்டாள். அது போலத்தான்! நடந்ததைக் கூறாமல், நடக்க வேண்டும் என்று மனம் நாடுவதைக் கூறும்போது இரு மொழிகளும் வினையின் இறுதியை மாற்றுகின்றன. அடுத்த வாரமே அவள் மற்றொன்றைக் கண்டுபிடித்தாள். 'அவர் வரும் வரை' என்பது ஸ்பானியத்தில் 'அஸ்தா கே வேங்கா'. "அஸ்தா என்பது நம்முடைய ஹத்தாவா? ஹத்தாவுக்குப் பின்னும் நஸ்புதானே வரும்!" என்றாள். ஆம், அஸ்தா என்பது அரபியின் ஹத்தாவே என்பது மொழியறிஞர் முடிபு. இந்த வினைவடிவம் ஸ்பானியத்திற்கு லத்தீனிலிருந்து வந்தது, அரபியிலிருந்து அன்று என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஒற்றுமை வேறு, உறவு வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

இவ்வெச்சரிக்கைக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் தருகிறேன். மரியாதையாக விளிக்கும் 'உஸ்தெத்' என்ற சொல் நம் 'உஸ்தாத்' என்பதிலிருந்து வந்தது என்று சிலர் பெருமையோடு கூறுவர். உஸ்தாதாகிய எனக்கும் அது இனிக்கத்தான் செய்யும்! ஆயினும் உண்மை அதுவன்று. 'தங்கள் மேன்மை' எனப் பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்சேத்' என்ற தொடர் தேய்ந்து பிறந்த சொல் அது. அதனால்தான் எதிரில் இருப்பவரை விளித்தாலும் வினை படர்க்கையில் வருகிறது. பழைய கடிதங்களில் பெரியவரை நேரே குறிக்காது 'தங்கள் சமூகத்திற்கு' என்று எழுதிய வழக்கை எண்ணிப் பாருங்கள், விளங்கிவிடும்.

மெய்யான உறவுகளே ஏராளம் இருக்கையில் பொய்யுறவு எதற்கு? அஸ்ஸுக்கர் 'அஸூகார்' ஆயிற்று. அஸ்ஸைத் எனும் எண்ணெய் 'அஸெய்தே' ஆயிற்று. 'அல்' என்பதன் லாம் ஒலி, ஷம்ஸி எழுத்துகளின் முன் மறைந்து இரட்டிக்கும் என்று மக்தபில் ஓதியவருக்கு, இச்சொற்களின் தொடக்கத்தில் 'அ' நிற்பதன் காரணம் சொல்லாமலே விளங்கும். விருப்பத்தைக் கூறும் 'ஒஹலா' என்ற சொல்லோ, 'அல்லாஹ் நாடினால்' எனும் பொருள்தரும் 'லவ் ஷா அல்லாஹ்' என்ற அந்தலுஸ் அரபு வழக்கிலிருந்து வந்தது. 'ஒஹலா யுவேவா' என்றால் 'மழை பெய்யட்டும்' என்ற ஏக்கம். அச்சொல்லுக்குப் பின் வருவதும் இதே வினைவடிவந்தான்.

முன்னோர் ஏறிய ஏணி

அறிந்த இலக்கணத்தை ஏணியாக்கி அறியாத மொழியில் ஏறுவது புதிய முறையன்று. கிரனடாவில் 1256இல் பிறந்த அபூஹய்யான் என்ற அறிஞர், அரபு இலக்கணத்தில் தாம் பெற்ற பயிற்சியைக் கொண்டு துருக்கிய மொழிக்கு இலக்கணம் எழுதினார். கெய்ரோவில் வாழ்ந்த காலத்தில் 1312இல் அதனை நிறைவு செய்தார். அதே கிரனடாவில் 1505ஆம் ஆண்டு பேத்ரோ தே அல்காலா என்ற கிறித்தவத் துறவி, ஸ்பானியர் அரபு கற்பதற்கென ஸ்பானியத்தில் ஒரு நூல் அச்சிட்டார். அவரவரும் தத்தம் வீட்டு ஏணியைத்தான் எடுத்துச் சாய்த்தனர்.

ஆங்கிலேயருக்கு எழுதப்பட்ட ஏணி நம் சுவருக்குப் பொருந்தாது போனால் குறை நம் கால்களில் இல்லை. இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சிறப்பாகக் கூறுவேன்: நீங்கள் பள்ளியில் கற்ற வேற்றுமை உருபும், நிஸ்வானில் ஓதிய நஹ்வும் வீண்போனவை அல்ல. அவை உங்கள் கைமுதல்.

மொழி கற்க விழைவோர் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதலில் புதிய மொழியின் வாக்கியம். அடுத்து அதே கருத்தை நாம் இயல்பாகச் சொல்லும் தமிழ். மூன்றாவதாக, அறிந்தவராயின் அரபி. ஒத்துவருமிடத்தில் கோடிடுங்கள், மாறுமிடத்தில் வட்டமிடுங்கள். கோடிட்டவற்றைப் படிக்க வேண்டியதில்லை. அவை முன்னரே உங்களுடையவை. வட்டமிட்டவற்றை மட்டும் நாள்தோறும் ஓதுங்கள். என் தங்கை இப்போது இம்முறையில்தான் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறாள். குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள் குறைந்து வருகின்றன.

உங்கள் பிள்ளை எந்த மொழியைக் கற்றாலும், 'இது ஏன் இப்படி?' என்று கேட்டால் வாயடைக்காதீர்கள். 'நம் மொழியில் இதை எப்படிச் சொல்வாய்?' என்று திருப்பிக் கேளுங்கள். பாதி விடையைப் பிள்ளையே சொல்லிவிடும். மீதிப் பாதிக்கு ஆசிரியர் இருக்கிறார்.